துணைக்கு யார்?

நனைந்த கம்பளியின் வாசனைதான் முதலில் வார்டுக்குள் வந்தது. ஆள் பிறகுதான் வந்தார்.

அடுப்புப் புகை, மழை, பச்சைத் தேயிலைக் கொழுந்தின் கசப்பு, எத்தனை வெயிலில் போட்டாலும் போகாத அந்த ரோம வாடை. மருந்துத் தட்டோடு ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, மேலேயிருந்து யாரோ வந்திருக்கிறார்கள். மேலே என்றால் மலைக்கு மேலே. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து.

சக்கர நாற்காலியைத் தள்ளி வந்த ஊழியர் சிங்களத்தில் முறையிட்டார். "மிஸி, இந்த அம்மாவோடு யாருமே வரவில்லை. த்ரீவீல்காரன் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான்."

தலையிலிருந்து கம்பளியை விலக்கினேன். சிவனாயி அக்கா.

எத்தனையோ வருஷம் கழித்துப் பார்க்கிறேன். வாயைத் திறந்துதான் மூச்சு வாங்கினார். கால்கள் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. என்னை அவருக்குத் தெரியவில்லை. முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு, "அக்கா, நான் தங்கராசு மக கமலா" என்றேன்.

உற்றுப் பார்த்தார். மூச்சுக்கு நடுவே ஒரு சிரிப்பு வந்தது. "அடியே, நீயா? என்னய விட ஒனக்கு நரச்சுப் போச்சே!"

அப்புறம் நான் வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டுவிட்டேன். "துணைக்கு யாருக்கா வந்திருக்கா?"

அக்கா வாசலைப் பார்த்தார். மழை பெய்துகொண்டிருந்த வெறும் வாசல்.

"வருவாங்க" என்றார்.

ஒருவரும் வரவில்லை.

முகம் லயத்தைப் பார்க்க

'நீங்கள் ஏன் தாதியானீர்கள்?' என்று பண்டாரவளை வாசகி ஒருவர், இந்தத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். சேவை, கருணை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம் என்றுதான் இத்தனை வாரமும் நழுவினேன். உண்மையான பதில் ஒரு நாற்காலியில் ஆரம்பிக்கிறது.

ஹாலிஎலவுக்கு மேலே, மலையின் தோளில் ஒட்டிக்கொண்டிருந்தது எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவு. நான் சிறுமியாக இருந்த காலத்தில் வாகனம் அங்கே ஏறாது. பிள்ளைக் காம்பராவின் வாசலில், அதாவது கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தில், கை வைத்த மர நாற்காலி ஒன்று கிடக்கும். அதில் எவரும் உட்காரமாட்டார்கள். விளையாட்டுக்கு ஏறினால் முதுகில் அடி விழும். அது சீக்காளியின் நாற்காலி. இருபுறமும் மூங்கிலைக் கட்டி, நான்கு ஆண்கள் தோளில் ஏற்றி, தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் சாலைவரை இறக்குவார்கள். என் அப்பா எப்போதும் பின்பக்கத்து வலது தோள்.

இறக்குவதற்கு ஒரு முறை உண்டு. உட்கார்ந்திருப்பவரின் முகம் லயத்தைப் பார்த்திருக்க வேண்டும். முதுகைக் காட்டிப் போனால் திரும்பி வரமாட்டார் என்று நம்பிக்கை. ஆகவே நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதெல்லாம் பின்பக்கமாகத்தான். எங்கே போகிறோம் என்பது தெரியாது. எதை விட்டுப் போகிறோம் என்பது மட்டும், தகரக் கூரை தகரக் கூரையாக, கடைசித் திருப்பம்வரை தெரியும்.

நாற்காலிக்குப் பின்னால் ஐந்தாவதாக ஒருவர் நடப்பார். கையில் பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு சீலை, ஒரு தகரக் கோப்பை, வெற்றிலை. அவர்தான் துணை.

ஆண்கள் சாலையோடு திரும்பிவிடுவார்கள். துணைக்குப் போனவர் சீக்காளி குணமாகும்வரை கட்டிலடியில் கிடப்பார். அத்தனை நாள் வேலையும் போகும். பிள்ளைகுட்டிக்காரிகளால் முடியாத காரியம். அதனால் எங்கள் பிரிவில் யாருக்கு என்ன வந்தாலும் ஒரே குரல்தான் லயத்துக்கு லயம் தாவும். "சிவனாயி! சீலைய மாத்திக்கிட்டு வா!"

சிவனாயி அக்காவுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் கொழும்புக்குப் போனவர், போனவர்தான். யாராவது சீண்டினால் அக்கா கொஞ்சமும் அசரமாட்டார். "தேத்தண்ணி குடிச்சிட்டு வர்றேன்னு போனாரு. கடை கொஞ்சம் தூரம் போல."

அவர் ஒன்றும் கெட்டிக்காரத் துணை இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். சீக்காளிக்கு வந்த தோடம்பழத்தை உரித்துத் தானே தின்றுவிடுவார். மாத்திரை எப்போது என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார். ஊர்க்கதை பேசிப் பேசி, பக்கத்துக் கட்டில்காரர்களையும் தூங்கவிடமாட்டார். ஆனால் இருப்பார். கண்ணைத் திறந்தால் அங்கே இருப்பார்.

சாப்பிட்டாச்சு

நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருஷம், ஒருநாள் வயிற்றின் வலது பக்கம் தீப்பிடித்த மாதிரி வலித்தது. அம்மாவின் மடியில் தம்பி, பிறந்து சில வாரமே ஆன பிள்ளை. அம்மாவால் அசைய முடியாது. நாற்காலி வந்தது. அப்பா பின்பக்கத்து வலது தோளில் மூங்கிலை ஏற்றினார். சிவனாயி அக்கா சீலையை மாற்றிக்கொண்டு வந்தார்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டு வாசலோடு அப்பாவை நிறுத்திவிட்டார்கள். உள்ளே எல்லாமே சிங்களம். அக்காவின் சிங்களம் நான்கைந்து சொற்களோடு முடிந்துவிடும். தாதி ஒருவர் வந்து என் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, கொஞ்சம் தமிழ் தெரிந்த கூட்டுகிற அம்மாவை அழைத்துக் கேட்கச் சொன்னார்.

"பிள்ள சாப்பாடு சாப்பிட்டதா?"

அக்கா நிமிர்ந்து நின்றார். "நல்லா சாப்பிட்டுச்சுங்க. சோறு, பருப்பு, நெத்தலிக் கருவாடு. வயிறாரச் சாப்பிட்டுத்தான் வந்திருக்கு."

முந்திய நாளிலிருந்து என் வயிற்றில் பச்சைத்தண்ணீர்கூடத் தங்கவில்லை. நானும் தலையாட்டினேன்.

இதை விளங்கிக்கொள்ள லயத்தில் வாழ்ந்திருக்க வேண்டும். ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவே அரைச்சுவர்தான். எந்த வீட்டில் உலை வைத்தார்கள், எந்த வீட்டில் வைக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்பார்கள், "சாப்பிட்டாச்சா?" பட்டினி கிடப்பவளும் சொல்வாள், "ஆச்சு." அதற்கு வேறு பதிலே கிடையாது. இல்லை என்று சொன்னால் கேட்டவள் தன் பானையிலிருந்து வழித்துக் கொடுக்க வேண்டிவரும், அவள் பானையிலும் இருக்காது. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் எங்கள் வரிசை முழுவதும் மானத்தோடு வாழ்ந்தது.

வயிறு நிறைந்தவளுக்கு மயக்க மருந்து கொடுக்கமாட்டார்கள் என்று எங்களுக்கு யார் சொன்னது? சத்திரசிகிச்சையைப் பின்னேரத்துக்குத் தள்ளிவைத்தார்கள். நான் முழங்காலை மார்போடு மடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தேன். தலைமாட்டில் நின்றால் விரட்டுகிறார்கள் என்று அக்கா என் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து எட்டியது என் கால் பெருவிரல் மட்டும்தான். அதைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

"பாவம் புள்ள" என்று யாரிடமோ சொல்கிற மாதிரி முனகினார். "நேத்துலருந்து ஒண்ணும் தங்கல. தேத்தண்ணி குடுத்தேன், அதையும் கக்கிருச்சு."

அடுத்த கட்டில் சடாரென்று திரும்பியது. பதுளை கடைவீதியில் புடைவைக் கடை வைத்திருந்த குடும்பத்து ராத்தா. பெயர் ஆயிஷா. பித்தப்பைக் கல்லை எடுத்து இரண்டொரு நாள்தான் ஆகியிருந்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முழங்கையை ஊன்றினார்.

"என்னம்மா சொல்றீங்க? புள்ள சாப்பிடல்லயா?"

"எங்கங்க சாப்பிட்டுச்சு?"

"அப்ப என்னத்துக்குச் சாப்பிட்டதெண்டு சொன்னீங்க?"

"கேட்டா வேற என்னத்தச் சொல்றதுங்க? புள்ளைக்குச் சோறு போடாமக் கூட்டியாந்தோம்னா சொல்றது? தோட்டத்தையே கேவலமா நெனைக்கமாட்டாங்களா?"

ராத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். "யா அல்லாஹ், சிரிக்கவும் ஏலாது, தையல் நோவுது!" பிறகு என் பக்கம் குனிந்தார். குரல் இறங்கிவிட்டது.

"மகள், சாப்பிட்டதா எண்டு நான் கேக்கல்ல. கடைசியா வாய்க்குள்ள போனது என்ன? அத மட்டும் சொல்லுங்க."

"வெறுந் தேத்தண்ணி" என்றேன். "காலையில. அதுவும் வெளிய வந்திருச்சு."

ராத்தா சிங்களத்தில் போட்ட சத்தத்துக்கு வார்டே எழுந்து உட்கார்ந்தது. தாதி ஓடி வந்தார். டாக்டர் வந்தார். சற்று நேரத்தில் என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்ததாம். இன்னும் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்ததை, ராத்தா எங்களுக்குத் தமிழில் சொல்லாமலே விட்டுவிட்டார்.

கேட்டவரும் இருந்தவரும்

கண் விழித்தபோது கால் பெருவிரல் இன்னும் யாரோ ஒருவரின் கைக்குள் இருந்தது. பக்கத்தில் ராத்தா மூன்றாம் கட்டில் கிழவிக்காக டாக்டரோடு வாதாடிக்கொண்டிருந்தார். அந்த வார்டில் தோட்டத்துப் பெண்கள் எல்லோருக்கும் அவர்தான் வாய். படுத்த படுக்கையிலிருந்தே.

அந்தச் சில நாட்களில் என்னைத் தாதியாக்கியவர்கள் இவர்கள் இருவரும்தான். ஒருவர் வேறு மாதிரிக் கேட்டார். ஒருவர் சும்மா இருந்தார். வெள்ளைச் சீருடை என் கண்ணில் படவே இல்லை.

இன்றைக்கும் சத்திரசிகிச்சைக்கு வருகிறவர்களிடம் 'சாப்பிட்டீங்களா?' என்று நான் கேட்பதில்லை. "கடைசியா வாய்க்குள்ள போனது என்ன?" என்றுதான் கேட்பேன். தயங்கித் தயங்கி உண்மை வரும். ஆகவே நான் ராத்தாவாகிவிட்டேன் என்று சொல்லலாம்.

சிவனாயி அக்காவாகத்தான் ஆக முடியவில்லை. தாதியால் உட்கார முடியாது. ஒரு கையில் நாடி பார்க்கும்போதே இன்னொரு கட்டில் கூப்பிடும். சேலைன் தீரும், காய்ச்சல் ஏறும், டாக்டர் வருவார். எத்தனையோ ஊர், எத்தனையோ வார்டு, இடமாற்றத்துக்கு மேல் இடமாற்றம். எந்தக் கட்டிலடியிலும் நான் முழுதாக ஒரு பொழுது உட்கார்ந்ததில்லை.

விடுதி அறையில் எனக்கு ஒரு தட்டு, ஒரு கோப்பை. அப்புத்தளையில் வேலை பார்த்த காலத்தில் பின்னேரமானால் மூட்டம் சன்னலுக்குள்ளேயே வந்துவிடும். கீழே ரயில் கூவுவது கேட்கும், ரயில் தெரியாது. எனக்குக் காய்ச்சல் கண்ட நாட்களில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போர்வைக்குள் காலை நீட்டிப் படுத்திருப்பேன். விரல் சில்லிட்டுக் கிடக்கும்.

இதை எழுதும்போது சிவனாயி அக்கா கண்டியில் ஏதோ ஒரு கட்டிலில் இருக்கிறார். நேற்றுத் தொலைபேசியில் விசாரித்தேன். "இருக்கிறார்" என்றார்கள். அந்த ஒரு சொல்லோடு உட்கார்ந்திருக்கிறேன்.

வெறும் வாசல்

அக்கா வந்த மறுநாள் டாக்டர் சொல்லிவிட்டார். இதயத்தில் ஒரு கதவு பழுது. இங்கே செய்ய முடியாது, கண்டிக்கு அனுப்ப வேண்டும், தாமதித்தால் ஆபத்து.

அக்கா ஒரே பிடியாக நின்றார். "துணையில்லாம நான் எங்கயும் போகமாட்டேன். வீட்டுக்கு அனுப்பிரு."

"ஆம்புலன்ஸ்ல ஒரு நர்ஸ் வருவாங்கக்கா."

"வருவாங்க. அங்க எறக்கிட்டு அவங்களும் திரும்பிருவாங்க. அது துணையா?"

தோட்டத்துக்குப் போன் போட்டேன். அக்காவின் அடுத்த காம்பராக்காரி எடுத்தாள். "என்ன செய்றதுங்க மிஸி, இங்க யாரு இருக்கா? எங்க புள்ளைக எல்லாம் கொழும்புல, கார்மெண்ட்ல. நான் போனா மாமியாளப் பாக்க ஆளில்ல. யாரையாச்சும் கேட்டுப் பாக்குறேன்." அவள் பொய் சொல்லவில்லை. கேட்டும் இருப்பாள். போன் திரும்ப அடிக்கவில்லை.

இப்போது மேல்பிரிவுவரை கொங்கிரீட் பாதை. த்ரீவீல் வாசலுக்கே வருகிறது. நல்லதுதான், யாரும் தோள் வீங்க மூங்கில் சுமக்க வேண்டியதில்லை. அந்த நான்கு பேர் தேவைப்படாமல் போனபோது, பின்னால் நடந்த ஐந்தாவது ஆளும் யாரும் கவனிக்காமலே இல்லாமல் போய்விட்டார்.

"நீங்க எத்தன பேருக்குத் துணை போயிருப்பீங்க" என்றேன். தாங்கமாட்டாமல் வந்த வார்த்தை.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அதுக்காகவா கேக்குறேன்? கணக்குத் தீக்கவா?" மூச்சு வாங்கினார். சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். "பயமா இருக்கு புள்ள."

பக்கத்துக் கட்டிலில் யாரோ கூப்பிட்டார்கள். நான் போக வேண்டியிருந்தது.

அன்று மதியம் வார்டுப் பொறுப்பிலிருந்த சிஸ்டரிடம் போய் நின்றேன். சில நாள் லீவு வேண்டும், கண்டிக்குத் துணையாகப் போகிறேன் என்றேன்.

"உனக்குச் சொந்தமா?"

"ஒருமுறை எனக்குத் துணைக்கு வந்தவர்" என்றேன்.

சிஸ்டர் வார்டை ஒரு சுற்றுப் பார்த்தார். இந்த ஷிஃப்டில் தமிழ் பேசுகிற தாதி நான் ஒருத்திதான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "போ" என்றார் கடைசியில். "எப்படியாவது சமாளிக்கிறோம்."

விடுதிக்கு ஓடிப்போய்ச் சீருடையைக் கழற்றி, ஒரு பையில் இரண்டு உடுப்பைத் திணித்துக்கொண்டு திரும்பினேன். சாதாரணச் சீலையில் என்னைப் பார்த்ததும் அக்காவின் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு மலர்ச்சியை அவரிடம் நான் கண்டதே இல்லை.

"நீயா வர்ற? மிஸி ஒருத்திய துணைக்குக் கூட்டிட்டுப் போற மொத ஆளு நாந்தான்டி. லயத்துல சொன்னா நம்பமாட்டாளுக."

"நானே சொல்றேன்க்கா. திரும்பி வந்து."

"ஆனா ஒண்ணு. தோடம்பழம் வாங்குனா நீ திங்கக் கூடாது."

ஆம்புலன்ஸ் வர நேரமானது. அக்கா தள்ளுவண்டியில் சாய்ந்து உட்கார்ந்து வார்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அப்புத்தளைப் பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கடும் காய்ச்சல். கூட வந்த தகப்பனை வாசலிலேயே நிறுத்திவிட்டிருந்தார்கள். பயிற்சித் தாதி ஊசியோடு நின்று சிங்களத்தில் இதமாக ஏதோ சொல்லச் சொல்ல, அந்தப் பெண் கையை உதறிக்கொண்டு சுவரோடு சுவராக ஒடுங்கினாள். "அம்மா" என்று கத்தினாள்.

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். அக்கா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

வாகனம் வந்தது. மழை விடவில்லை. ஓட்டுநர் குடை பிடிக்க, தள்ளுவண்டியை ஏற்றினார்கள். கூடப் போகவேண்டிய இளந்தாதி உள்ளே ஏறி ஒட்சிசன் குழாயைச் சரிசெய்தான். நான் படியில் காலை வைத்தேன்.

அக்கா கையை நீட்டி என் பையைப் பிடித்தார். என்னைத் தூக்கிவிடத்தான் பிடிக்கிறார் என்று நினைத்தேன். பையை என் நெஞ்சோடு சேர்த்து வெளியே தள்ளினார். அத்தனை பலம் அந்தக் கையில் எங்கிருந்து வந்ததோ.

"நீ ஏறாத."

"என்னக்கா? பேசினதுதானே?"

"பேசினேன். இப்ப வேணாங்குறேன்."

"தனியா எப்படிக்கா போவீங்க? பயமா இருக்குன்னீங்களே."

"பயந்தான். பயந்துக்கிட்டே போறேன்." உதட்டை அழுத்திக்கொண்டு மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "அங்கயும் எவளாச்சும் ஒருத்தி இருப்பா புள்ள. எந்த வார்டுலயும் ஒருத்தி இருப்பா. நான் பேச்சுக் குடுத்துக்குவேன். இங்க நீ ஒருத்திதான் இருக்க."

"அக்கா..."

கதவை மூடுவதற்காக ஓட்டுநர் காத்து நின்றார். எனக்குப் பின்னால் வார்டுக்குள்ளிருந்து அந்தப் பெண்ணின் குரல் மறுபடி கேட்டது. இந்த முறை யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். "தமிழ் மிஸி! தமிழ் மிஸி!"

அக்கா கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"போ, ஒன்னத்தான் கூப்பிடுறாங்க."